புதன்கிழமை ஆமை

அவளுக்குப் பதினேழு வயது. அதற்குள் உலகத்தில் முக்கால்வாசிப் பேரை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மீதிக் கால்வாசிப் பேரை அவள் இன்னும் பார்க்கவில்லை.

இந்தக் குணம் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கதவை மூடும் பொத்தானை ஜனங்கள் அழுத்து அழுத்தென்று அழுத்துவதைப் பற்றி அவர் சாப்பாட்டு மேசையில் பேசாத நாள் குறைவு. பாதிக் கட்டடங்களில் அந்தப் பொத்தானுக்கு வயரே கிடையாதாம். கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும். ஆனாலும் அழுத்தினவன் முகத்தில் தானே மூடிவிட்டது போல ஒரு திருப்தி வருமே, அதைச் சொல்லும்போது அப்பாவுக்குப் பசியே அடங்கிவிடும். அம்மா பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறாள். பகலெல்லாம் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே யார் யார் பல் விளக்குவதில்லை என்று ஆரம்பிப்பாள். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், ஊரை ஏளனம் செய்வதுதான் குடும்பத்தின் பொழுதுபோக்கு. மகள் அதில் அப்பனையும் ஆத்தாளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

மிருகங்களை மட்டும் அவள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாட்டுக்கு நடிக்கத் தெரியாது, நாய்க்குப் பூசி மெழுகத் தெரியாது என்பாள். மிருக வைத்தியம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆசைப்படுகிறவர்களையும் அவளுக்குப் பிடிக்காது.

கல்லூரிக்காரர்கள் மதிப்பெண் மட்டும் போதாது, இயற்கைக்கோ பிராணிகளுக்கோ தொண்டு செய்த சான்றிதழ் ஒன்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பள்ளி விடுமுறையில் அவள் குளக்கரையில் இருந்த அந்த இயற்கைப் பாதுகாப்பு முகாமில் போய்ச் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. தொப்பியும் பச்சைச் சட்டையும் கொடுப்பார்கள். சட்டையைத் துவைத்தால் பச்சை, தண்ணீரோடு போய்விடும்.

பகல் முகாம்தான். காலையில் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள், சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். விடுமுறையில் பிள்ளைகளை எங்கே தள்ளுவது என்று தெரியாத ஜனம். தள்ளுகிற இடத்தில் நாலு மரம் இருந்துவிட்டால் மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லை. வாசலில் ‘காற்றை மாசுபடுத்தாதீர்' என்று பலகை. அந்தப் பலகையில் பம்பர் இடிக்காத குறையாகக் கார்களை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், குளிர்ந்த காற்றில் உட்கார்ந்தபடியே பிள்ளைக்குக் கையசைப்பார்கள். அவள் வாசலில் நின்று கதவைத் திறந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொள்ளும்போதே ஒவ்வொரு காருக்கும் மனசுக்குள் ஒரு மதிப்பெண் போடுவாள். யாரும் பாஸாகவில்லை.

முகாமில் யாரும் சொந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது. பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு பிராணியின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும். இயக்குநர் தனக்குக் கழுகு என்று வைத்துக்கொண்டார். தொப்பை முன்னே வர, அவர் பின்னே வருவார். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் பெயர் கழுகு. இன்னொரு தொண்டூழியப் பெண் மின்மினி. எறும்புச் சாரையை யாராவது மிதித்துவிட்டால் கண் கலங்கிவிடுவாள். கொசு உட்கார்ந்தால் மட்டும் பட்டென்று ஒரே அடி. பெயர் வைக்கிற அன்று பஸ் தாமதமாகி, இவள் போய்ச் சேர்ந்தபோது பறவைகளெல்லாம் தீர்ந்துவிட்டன. மானும் போய்விட்டது, முயலும் போய்விட்டது. மிச்சம் இருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துக் கழுகு அவள் கழுத்தில் மாட்டினார். ஓணான்.

அன்று முதல் அவள் ஓணான் அக்கா. பிள்ளைகள் அவளைப் பார்த்ததும் ஓணான் மாதிரித் தலையை ஆட்டுவார்கள். அவள் பதிலுக்கு ஆட்டினதில்லை.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, பிள்ளைகள் போன பிறகு, மின்மினி அவளைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உயிர்காப்புச் சட்டைகளும் உடைந்த துடுப்புகளும் குவிந்து கிடந்த மூலையில் பாதியாக அறுத்த ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். அதில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரில் ஓர் ஆமை.

“இனிமே இது உன் வேலை,” என்றாள் மின்மினி. “புதுசா வர்றவங்கதான் செய்யணும்.”

விஷயம் இதுதான். முகாமுக்கு வாரத்துக்கு ஒரு புதுப் பிள்ளைக்கூட்டம் வரும். முதல் இரண்டு நாள் இலை, விதை, பறவை எச்சம் என்று ஓட்டிவிடலாம். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். சாயங்காலம் காரில் ஏறும்போது ‘போர்' என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் பிள்ளைகள் ஓர் ஆமையைக் கண்டுபிடித்தாக வேண்டும். குளத்தில் ஆமைகள் உண்டு. ஆனால் ஐம்பது பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வரும்போது எந்த ஆமை கரையில் உட்கார்ந்திருக்கும்? ஆகவே பிள்ளைகள் வருவதற்கு முன்பு, பீப்பாயில் இருக்கும் ஆமையை வாளியில் எடுத்துப் போய், விழுந்து கிடக்கும் மரத்தின் வேர் ஓரமாக வைக்க வேண்டும். தண்ணீருக்குப் போய்விடாதபடி புல்லுக்குள் ஒரு செங்கல். பிறகு பிள்ளைகளை அந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு வந்தால், யாராவது ஒரு வாண்டு கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் மின்மினி கண்டுபிடிப்பாள். கழுகு வந்து ஒரு காலை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு பேசுவார். காட்டு உயிர்களை நாம் பிடித்து அடைக்கக் கூடாது, இது இதன் வீடு, நாம் விருந்தாளிகள் என்று குரல் கம்மச் சொல்வார். பிள்ளைகள் ஜூஸ் குடிக்கப் போனதும் ஆமை வாளிக்குத் திரும்பிவிடும்.

இந்த ஆமையை அடைத்துவைக்க வேண்டும் என்று முதலில் யாரும் நினைக்கவில்லையாம். படகு இடித்து ஓடு உடைந்து கரையில் கிடந்ததை, மருந்து போட்டுவிட்டு விடலாம் என்றுதான் எடுத்து வந்திருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டது. அதற்குள் அதன் உபயோகம் தெரிந்துபோய்விட்டது. ஓட்டின் வலது விளிம்பில் பிஸ்கட்டைக் கடித்தது போல ஒரு பிறை. அதற்குப் பக்கத்தில் நூல் அளவு ஒரு வெடிப்பு.

நியாயமாகப் பார்த்தால் மிருக வைத்தியம் படிக்க ஆசைப்படுகிறவளுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மனிதர்களைப் பற்றித் தான் நினைத்தது எவ்வளவு சரி என்பதற்கு நாலு கால் முளைத்து ஒரு சாட்சி பீப்பாயில் உட்கார்ந்திருக்கிறது! வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அப்பா சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் ஆமை பாவம் இல்லையா என்று கேட்டாள். வேளாவேளைக்குக் கீரை, உலர்ந்த மீன், வாரத்துக்கு ஒரு நாள்தான் டியூட்டி, நம்மைவிட அதற்கு என்ன குறை என்று மகள் சொல்ல, அம்மாவும் சிரித்துவிட்டாள்.

செய்வதைத் திருந்தச் செய் என்கிற புத்தி வேறு அவளுக்கு உண்டு. மின்மினி ஆமையைக் காய்ந்த ஓட்டோடு அப்படியே வைத்துவிட்டு வருவாளாம். இவள் அதன் மேல் குளத்துத் தண்ணீரைத் தெளித்து, முதுகில் கொஞ்சம் பாசியும் போட்டு, இப்போதுதான் கரையேறி வந்தது போலச் செய்தாள். செங்கல்லைப் புல் மூடும்படி திருப்பி வைத்தாள். கழுகுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இவ்வளவு பொறுப்பான பெண்ணைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அவரைத் துச்சமாக நினைத்துக்கொண்டே அவர் புகழ்ச்சியை அவள் பத்திரமாக உள்ளே வாங்கி வைத்துக்கொண்டாள். வாரங்கள் போயின.

விடுமுறை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்தச் சின்னப் பெண் வந்து சேர்ந்தாள். எட்டு வயது. முன்பல் இரண்டும் இல்லை. வந்த முதல் நாளே கழுகு சிலந்தியைப் பூச்சி என்று சொல்ல, பூச்சிக்கு ஆறு கால்தான் சார், இதுக்கு எட்டு, எண்ணிப் பாருங்க என்று எழுந்து நின்றுவிட்டாள். கழுகு சிரித்து மழுப்பினார். அவள் விடவில்லை, அவர் எண்ணி முடிக்கும் வரையில் நின்றுகொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஓணான் அக்காவின் வாழ்க்கையில் ஒரு விசேஷம் நடந்தது. மீதிக் கால்வாசியில் ஓர் ஆள் அவள் கண்ணில் பட்டாள். வக்கீல் எதையும் யார் சொன்னாலும் நம்புவதில்லை. குயில் என்று சொன்னால் எங்கே என்பாள். காட்டினால், அது காக்காய் என்பாள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஒரு தும்பி உட்கார்ந்தால் மண்டியிட்டு, மூச்சை அடக்கி, அது பறக்கும் வரையில் பார்ப்பாள். பார்த்ததை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். மற்ற வாண்டுகளை எண்ணி வரிசையில் நிறுத்துவதோடு சரி என்று இருந்த ஓணான் அக்கா, இவளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். காலையில் அந்தப் பொடிசு தலையை ஆட்டினால் இவளும் ஆட்டினாள். புதன்கிழமை ஆமையைக் கண்டுபிடித்ததும் வக்கீல்தான். ஓடிவந்து ஓணான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இவளும் அதிசயப்பட்டாள். அதிசயப்படுவது அன்றைக்கு அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

ஒரு பிள்ளை ஒரு வாரம்தான் வரலாம் என்பது முகாமின் சட்டம். எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கும். உண்மையான காரணம் பீப்பாயில் இருந்தது. ஆனால் வக்கீலின் அம்மா வங்கியில் காசாளர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி படுத்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று கெஞ்ச, கழுகு தாராள மனசோடு சரி என்றுவிட்டார். நல்ல காரியம் செய்யும்போது அவருக்கு மறதி அதிகம்.

ஓணான் அக்காவுக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தக் கடைசிப் புதன்கிழமை காலையில் கழுகு அவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை சான்றிதழ் கொடுத்துவிடுவேன், அதோடு கல்லூரிக்குத் தனியாகவும் நாலு வரி எழுதித் தருகிறேன், அந்த நாலு வரிக்குத்தான் அங்கே மதிப்பு என்று சொல்லியிருந்தார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கல்லூரியில் இருந்தாள். ஆமையை வைத்தாள், தண்ணீர் தெளித்தாள், பாசி போட்டாள், செங்கல்லை மூடினாள். புதுக் கூட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள். யாரோ ஒரு பயல் கூவினான். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். கழுகு காலைத் தூக்கி மரத்தின் மேல் வைத்தார். அப்போதுதான் வக்கீல் முன்னால் வந்து மண்டியிடுவதை அவள் பார்த்தாள். 

வக்கீல் ஆமையைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, வழக்கம் போல, சத்தமாகச் சொன்னாள்.

“சார், இது போன வாரத்து ஆமை. இங்க கடிச்ச மாதிரி இருக்கு, பக்கத்துல கோடு இருக்கு. அப்பவும் இந்த மரம்தான், இந்த வேர்தான். யாரோ கொண்டாந்து வைக்கிறாங்க.”

கழுகு சிரித்தார். ஆமைக்கு ஆமை ஒரே மாதிரிதான் இருக்கும் கண்ணு என்றார். வக்கீல் அதற்குள் புல்லை விலக்கிவிட்டாள். செங்கல் வெளியே வந்தது. ஆமைக்கு எதுக்கு சார் செங்கல் என்று கேட்டாள். பிள்ளைகள் கசமுசவென்று பேச ஆரம்பித்தார்கள். மின்மினி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். கழுகின் நெற்றியில் வேர்வை அரும்பியது.  பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தலைவராக இருப்பதற்கு அது போதும்.

“ஓணான் அக்காதான் தினமும் குளத்தைச் சுத்தி வர்றாங்க. உனக்கு அவங்களைத் தெரியுமில்ல? அவங்க பொய் சொல்வாங்களா? அவங்களையே கேளு.”

அவர் அவளை மிரட்டவில்லை. கண்ணால்கூட மிரட்டவில்லை. காலையில் பேசின நாலு வரிதான் அவர் முகத்தில் எழுதியிருந்தது. வக்கீல் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் இல்லை, சந்தேகம் இல்லை. தன் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் இருந்தது.

ஊரில் உள்ள பொய்யனையெல்லாம் இனம் கண்டு வைத்திருந்தவள், ஒரு பொய்யைச் சொல்லும் முறை தனக்கு வந்தபோது அதை அவர்களைவிட நன்றாகவே சொன்னாள். அவள் கீழே உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்து, பொறுமையாகப் பேசினாள்.

“இது வேற ஆமை. இந்தக் குளத்துல படகு இடிச்சு நிறைய ஆமைக்கு ஓடு உடைஞ்சிருக்கு. உடைஞ்ச இடத்தை மட்டும் பார்த்தா போதாது. முழுசா பார்க்கணும். அந்தச் செங்கல் தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்க நாங்க வெச்சது.”

“அப்ப நான் தப்பா பார்த்துட்டேனா?”

“ஆமா.”

வக்கீல் மறுபடி ஆமையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆமை அவளிடம் ஒன்றும் பேசவில்லை, அக்கா பேசியிருக்கிறாள். அவள் கழுகிடம் போய் சாரி சார் என்றாள். அந்தப் பெயரை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டிருந்த புதுப் பிள்ளைகள் நாலு பேர், பொய் வக்கீல், பொய் வக்கீல் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கழுகு பெருந்தன்மையோடு அவர்களை அடக்கி, தவறு செய்வது இயல்பு, ஒப்புக்கொள்வதுதான் பெரிய குணம் என்று அதையும் ஒரு பாடமாக்கிவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மின்மினிக்கு வழக்கம் போல் கண் கலங்கியது.

ஜூஸ் நேரத்தில் ஓணான் அக்கா ஆமையை எடுத்து வாளியில் போட்டாள்.  இவ்வளவு சுலபமா என்றுதான் அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை முகாமில் ஒரே நிம்மதி. வக்கீல் எழுந்து நிற்கவே இல்லை. கழுகு தவளையைத் தேரை என்றார். வக்கீல் பேசாமல் இருந்தாள். குளத்து ஓரத்தில் ஒரு தும்பி வந்து நாணல் மேல் உட்கார்ந்தது. நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. ஓணான் அக்கா அவளைக் கூப்பிட்டு, என்ன நிறம் சொல் பார்க்கலாம் என்றாள். ஏதாவது பேச வைக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். வக்கீல் தும்பியின் பக்கம் லேசாகத் திரும்பிவிட்டு, உடனே அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“சிவப்புதான அக்கா?” என்றாள். 

அதன் பிறகு ஓணான் அக்காவுக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டில் அப்பா ஏதோ ஒரு கட்டடத்துக்காரனைப் பற்றிக் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சிரித்தாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகை நினைத்துப் பார்த்தாள். வெறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் பழைய ருசி அதில் இல்லை. அவர் ஊருக்குப் பொய் சொன்னார். ஊர் அவரை அரைகுறையாகத்தான் நம்பியது. தன்னை ஒரு குழந்தை முழுசாக நம்பியிருக்கிறது. சொல்லிவிட வேண்டும், நாளைக்கே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்தாளே தவிர, காலையில் போனதும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம்தான் கழுகு கையெழுத்துப் போடுவார். உண்மைக்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியம் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று கழுகு வாய் நிறையப் புகழ்ந்தார். சான்றிதழ் வந்தது. நாலு வரி எழுதிய தாள் உறையில் வந்தது. இரண்டையும் பைக்குள் மடங்காமல் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, அது மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை தடவியும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த வீராங்கனை உண்மையைச் சொல்லக் கிளம்பினாள்.

சாயங்காலம் வாசலில் கார்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. வக்கீலின் அம்மா பஸ்ஸில் வருகிறவள். நடந்து வந்து நின்றாள். வங்கியிலிருந்து நேராக வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஓணான் அக்கா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் அஞ்சு நிமிஷம் வேண்டும், ஒன்று காட்ட வேண்டும் என்றாள். மூவருமாகக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு சாமான் அறைக்குப் போனார்கள். கழுகு தூரத்தில் ஒரு கார்க்காரரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. பை தோளில்தானே இருக்கிறது.

அவள் விளக்கைப் போட்டாள். உயிர்காப்புச் சட்டைகளை ஒதுக்கி, பீப்பாயைக் காட்டினாள். ஆமை தலையை நீட்டி அவளைத்தான் பார்த்தது. சாப்பாடு வந்திருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ.

அவள் கீழே உட்கார்ந்தாள். அன்றைக்கு மாதிரியே குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்து, இந்த முறை உண்மையைச் சொன்னாள். நீ பார்த்ததுதான் சரி. அது போன வாரத்து ஆமைதான். இங்கே அடைத்து வைத்திருக்கிறோம். புதன்கிழமை நான்தான் கொண்டுபோய் வைப்பேன். செங்கல்லும் நான் வைத்ததுதான். உன்னிடம் நான் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.  சொல்லி முடித்தபோது அழுகை வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மா ஒன்றும் புரியாமல் ஆமையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீயே பாரு,” என்றாள் ஓணான் அக்கா. “நல்லா பார்த்துச் சொல்லு. இது அதே ஆமைதான?”

வக்கீல் பீப்பாயின் மேல் குனிந்தாள். வலது விளிம்பில் பிறை இருந்தது. பக்கத்தில் நூல் வெடிப்பு இருந்தது. இரண்டையும் அவள் கண் தொட்டுவிட்டுப் போனதை அக்கா பார்த்தாள். பிறகு குழந்தை நிமிர்ந்தது. அதன் முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் வந்திருந்தது. வகுப்பில் டீச்சர் வேண்டுமென்றே தப்பாகக் கேட்கும் கேள்விக்கு ஏமாறாத பிள்ளையின் கெட்டிக்காரத்தனம்.

“இது வேற ஆமை அக்கா. உடைஞ்ச இடத்தை மட்டும் பார்த்தா போதாது. முழுசா பார்க்கணும்,” என்றாள். பிறகு மெதுவாக, “சரியா சொன்னேனா?” என்றாள்.

இல்லை என்றாள் ஓணான் அக்கா. நிஜமாகவே அதே ஆமைதான் என்றாள். இது பரீட்சை இல்லை கண்ணு என்றாள். அவள் சொல்லச் சொல்ல வக்கீலின் முகத்தில் கெட்டிக்காரத்தனம் போய், கலக்கம் வந்தது. சரி அக்கா, அதே ஆமைதான் என்று உடனே மாற்றிச் சொன்னாள். அதையும் ஆமையைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வேற ஆமை என்றாலும் சொல்லியிருப்பாள். அது ஆமையே இல்லை, தவளை என்றாலும் சொல்லியிருப்பாள்.

அம்மாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஏதோ விளையாட்டு நடத்துகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். மகளின் தலையைத் தடவி, தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, ஓணான் அக்காவைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தாள்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. முன்னல்லாம் எதுக்கெடுத்தாலும் வாதாடுவா. பதில் சொல்லியே எனக்கு வாய் வலிச்சுடும். இப்ப ரெண்டு நாளா சொன்னா சொன்னபடி கேட்டுக்கறா. அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க?”

ஓணான் அக்கா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாளோ அதையே தானும் சொல்வதற்காக, குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.